காப்புக்கட்டுப் பூ

“நம்ம மண்ணுல பூவை நாம வெக்க வேண்டியதில்ல கண்ணு, அது...” என்று அப்பாரு ஏதோ சொல்வார். மிச்சம் நஞ்சுண்டனுக்கு மறந்துபோயிற்று. கப்பலேறியபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை.

திரும்பி வந்து ஆசையாய் வைத்த ரோஜாவெல்லாம் வெயிலில் கருகிவிட்டன. இந்த மண்ணில் என்னதான் பூக்கும் என்று பார்க்க, கோயமுத்தூர்ப் பொதுத் தோட்டத்துக்கு வந்திருந்தார்.

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. மூலையில் காட்டுப்பூப் பாத்தி. பனிக்குள்ளே மஞ்சள் மஞ்சளாய் ஆவாரை. அதனடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூளை. நின்றபடியே கனாக் காண்கிற மாதிரி இருந்தது. வீட்டைச் சுற்றி இதையே வைத்தால்?

சடக்.

ஒரு பெண் கொத்துக்கொத்தாய் ஒடித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, பூப் பறிக்கக் கூடாதுன்னு பலகை வெச்சிருக்குதே!”

“எழுத்துத் தெரியாதுங்க சாமி.”

“பொதுவுல வெச்சதை இப்படி அழிச்சா எப்படி? ஏனுங்க காவக்காரரே!”

காவல்கார முஸ்தபா பீடியை அணைத்துவிட்டு மெதுவாக வந்தார். “பொன்னாத்தாளா? பறிக்கட்டுமுங்க. அவ வெதைச்சதுதானுங்க இது.”

“இவளா?”

பொன்னாத்தாள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

“நாளைக்குக் காப்புக் கட்டுங்க. பொங்கலுக்கு முந்தி, எங்க வளவுல அத்தனை ஊட்டு எரவாணத்துலயும் பூளை, ஆவாரை, வேப்பெலை சொருகோணும். முன்னெல்லாம் பக்கத்து மேட்டுக்காட்டுலயே கெடைக்குமுங்க. அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரப் பண்ணாடி ரங்கூன்ல இருந்துட்டே, காட்டைச் சுத்தம் பண்ணுங்கன்னு எழுதிப்போட்டாராமா. வெட்டித் தீ வெச்சுப்போட்டாங்க. அதுக்கு முந்தி ஓடி வெதையைப் பொறுக்கியாந்து, இவருகிட்டக் கெஞ்சி இங்க போட்டனுங்க.”

“அந்தப் பண்ணாடியை நீ திட்டலையா?”

“அவரென்னங்க பண்ணுவாரு? இது பூத்து நிக்கறதைப் பார்த்திருந்தா வெட்டச் சொல்லியிருப்பாருங்களா?” என்றாள். “அந்தக் காட்டுக் கெழக்கு மூலையில இன்னுங் கொஞ்சம் கெடக்குதுங்க. அதுக்கும் கம்பிவேலி போட்டாச்சு. பொங்கல் கழிஞ்சதும் வெட்டிருவாங்களாமா.”

முஸ்தபா சிரித்தார். “அப்பறம் அந்தப் பண்ணாடியும் காப்புக்கட்டுக்கு இங்கதான் வரோணும்!”

அன்று சாயங்காலம் ரங்கூன் பண்ணாடி நஞ்சுண்டன், பொங்கல் கழிந்து வெட்ட வரவேண்டாமென்று ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார். கம்பிவேலியில் ஒரு வழி விடச் சொன்னார்.