கண்ணாடி மூடிக்குள்

துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு ஒரேயடியாக நன்னிலத்துக்குத் திரும்பிய யூனுஸ், பெட்டியில் துண்டுதுண்டாக வாங்கிவந்த பொம்மைப் போர்விமானத்தை ஒட்டிச் சாயம் பூசி முடிக்கும்போது சம்பா அறுப்பே வந்துவிட்டது. மிச்சமிருந்தது விமானி மட்டும்தான். நகத்தளவு பொம்மை. ஆனால் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தது.

"உருவம் இருக்குற வீட்டுக்குள்ள வானவருங்க, மலக்குமாருங்க வர மாட்டாங்க. அது மட்டும் வேணாங்க" என்றாள் மனைவி சாஜிதா.

அவருக்கும் அது சரியென்றே பட்டது. பொம்மையை வாய்க்காலில் விட்டெறிந்தார். காலி இருக்கைக்கு மேலே கண்ணாடி மூடியைப் பொருத்தி, பசை போட்டு ஒட்டி, விமானத்தை ஷோகேஸில் வைத்தார்.

மறுநாள் காலை அந்த மூடி பனி பிடித்தாற்போல் மங்கியிருந்தது. துடைத்துப் பார்த்தார், போகவில்லை. ஈரம் உள்பக்கம் இருந்தது.

"பசையோட வேலை. காஞ்சா சரியாயிடும்."

வெயிலில் வைத்தார். பசை காய்ந்தது. மங்கல் மட்டும் படர்வதும் சுருங்குவதுமாக இருந்தது. சாஜிதா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, உள்ள மூச்சு முட்டுது போலருக்கு. தெறந்து விட்டுடுங்களேன்."

பிளேடை எடுத்துக்கொண்டு குனிந்தார் யூனுஸ். மங்கலின் நடுவே ஒரு நெல்லளவு இடம் உள்ளிருந்து துடைக்கப்பட்டிருந்தது. அதன் வழியே இருக்கை தெரிந்தது. காலியாகத்தான் இருந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் மறுபடி மங்கியது. பிறகு மறுபடி துடைக்கப்பட்டது.