மாமனார் போட்ட சிலுவை

மாமனார் தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்தார். பரிசுத்தவான் என்று ஊரே சொல்லும். மாலை ஜெபத்தில் மூக்குப்பொடி அப்பிய கட்டைவிரலை நக்கி நக்கி வேதாகமத்தைப் புரட்டுவார். முடிந்ததும் அதே விரலால் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போடுவார். ஆசீர்வாதமாம்! நான் ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

முதல் வருட நினைவு ஜெபத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.

"அப்பா கை பட்டா காய்ச்சலே ஓடிரும்," என்று நாத்தனார் கண்ணைத் துடைத்தாள்.

கணவர் வேதாகமத்தைப் புரட்டினார். "என்ன இது, ஓரமெல்லாம் ஈரமா இருக்கு?" என்று விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மாமனார் போன பிறகு பிறந்தவள் என் மகள். தொட்டிலில் விழித்துக் கிடந்தாள். அள்ளி எடுத்து நெற்றியில் முத்தமிட்டேன்.

வாயெல்லாம் மூக்குப்பொடிக் காரம்.