கறுப்பு பீர் விட்டுப்போனது

ஓக் மரப் பீப்பாய் ஒன்றுக்குள் கறுப்பு பீர் ஒரு வருடம் குடியிருந்தது. அதற்கு வாய் ஓயாது.

"அண்ணே, கூரையில சத்தம் கேக்குதா? மழை!" என்று நுரைக்கும்.

"வாயை மூடிக்கிட்டுக் கிட" என்று பீப்பாய் அதட்டும்.

ஒரு நாள் பீரை வடித்து எடுத்துப் போனார்கள். பீப்பாயைக் கழுவாமல் அப்படியே விஸ்கியை ஊற்றினார்கள். விஸ்கி அதிகம் பேசாத பெரிய மனுஷன். பீப்பாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. முன்னாடி இருந்தவன் பலகையெல்லாம் அழுக்கை அப்பிட்டுப் போயிட்டான். சுரண்டி எடுத்துடுங்க, ஒரு சொட்டுகூட மிச்சம் வேண்டாம்."

விஸ்கி ஆறு மாதம் பொறுமையாகச் சுரண்டி எடுத்தது.

சுவை பார்க்கிற ரெஜினா வந்தாள். பீப்பாயிலிருந்து கிளாஸில் பிடித்து, ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விஸ்கி நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி ஒரு வாசம் வருது பாருங்க, அதுதான் ஆளையே அசத்துது!"

பீப்பாய் பெருமையோடு விஸ்கியைப் பார்த்தது.

"அது என்னோடது இல்லப்பா" என்றது விஸ்கி. "நீ அழுக்குன்னு சொன்னியே, அது."

விஸ்கியைப் பாட்டில்களில் அடைத்துக் கொண்டுபோனார்கள். காலிப் பீப்பாய் தன் பலகைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. வெறும் மர வாசம்தான் வந்தது.

கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது.

"தம்பி, மழைடா" என்றது பீப்பாய், தன் காலி வயிற்றுக்குள்.