சோம்பல் வேஷம்

“சோம்பலா? எனக்கா?”

யாரெலிக்குக் காது சுட்டது. தோளில் தூங்கிய மூன்று மாத ரெனாத்தாவை இறுக்கிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்த ஊர்க் கோயிலில் பாஸ்தொரேலா உண்டு. குழந்தை இயேசுவைப் பார்க்கப் போகிற இடையர்களை கோபம், பொறாமை, சோம்பல் என்று தலையான பாவங்கள் ஏழும் கொம்பு வைத்துக்கொண்டு வழிமறித்துக் கூத்தடிக்கும். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இந்த வருஷம் அதைப் போனில் சினிமாவாகவே எடுக்கிறார்கள். டைரக்டர், ஊர்ப் பெரியம்மா தோன்யா கூக்கா. கோயில் சாவியும் அவரிடம்தான், ஊர் வாயை அடைக்கிற அதட்டலும் அவரிடம்தான்.

“கோபம், வாத்தியார் ஃபெர்மின். பொறாமை, பாஸ்குவாலா. சோம்பல், யாரெலி. சொன்னது சொன்னதுதான்.”

“சரியாத்தான் ஆளைப் பிடிச்சிருக்கீங்க,” என்றாள் ரொட்டிக்கடை பாஸ்குவாலா. “போன ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு நடுவுல ஒரு குறட்டை கேட்டுச்சே, யாருதாம்?”

எல்லோரும் சிரித்தார்கள். யாரெலியும் சிரித்துவைத்தாள்.

கணவன் லாரியோடு எல்லைப் பக்கம் போயிருந்தான். ராத்திரியெல்லாம் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே விடிகிறது. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாவிட்டால் சோம்பேறி.

“வேற எதாச்சும் குடுங்க, தோன்யா கூக்கா. எவ்வளவு வசனம்னாலும் மனப்பாடம் பண்ணிடுவேன். படத்தை ஊரே பாக்கும். அப்புறம், ‘இந்தத் தூங்குமூஞ்சி எங்க பிள்ளை வளக்கப் போகுது’ன்னு பேசுவாங்க.”

“உனக்கு வசனமே கிடையாது. அதோ, அந்த வலை ஊஞ்சல்ல படு. கண்ணை மூடு.”

“குழந்தை?”

“கோபத்துக்கிட்ட குடு.”

முகமெல்லாம் சிவப்புச் சாயத்தோடு வாத்தியார் கை நீட்டினார்.

“தலையைத் தாங்கிப் பிடிங்க, வாத்தியாரே. சிணுங்கினா உடனே எழுப்புங்க.”

“நாலு பிள்ளையைத் தூக்கி வளத்த கைம்மா இது. போ, போய் நடி.”

சும்மா கண்ணை மூடி நடிக்கத்தான் படுத்தாள். பால் நேரத்துக்கு ரெனாத்தா வீறிட்ட பிறகுதான் விழித்தாள். கோயில் நிழல் முற்றம் முழுக்க நீண்டிருந்தது.

“சரியா வரலை,” என்றார் தோன்யா கூக்கா. “நாளைக்கும் வா.”

மறுநாள் வெளிச்சம் போதவில்லையாம். அதற்கு அடுத்த நாள் ஊஞ்சல் ஆடிவிட்டதாம். அவமானமாக இருந்தாலும் யாரெலி தினமும் வந்து படுத்தாள். சோம்பலைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவள் என்று பேர் வாங்கவா? எப்படியோ, ராத்திரியில் விரல் மூக்கடிக்குப் போவது கொஞ்சம் குறைந்திருந்தது.

படம் கோயில் சுவரில் ஓடியது. ஆளுக்கொரு கோப்பை சூடான பழச்சாறோடு ஊரே முற்றத்தில் உட்கார்ந்திருந்தது.

சோம்பல் வந்தது. ஒரு ஊஞ்சல், ஒரு கால், ஒரு குறட்டை. அவ்வளவுதான், அப்புறம் வரவே இல்லை.

ஆனால் கோபம் வரும்போதெல்லாம் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணை உருட்டிக் காலை உதைத்து வாத்தியார் இடையர்களைத் திட்டுகிறார், காதோரம் ரகசியம் பேசுகிற குரலில். இடையர்கள் கதறுகிறார்கள், அதுவும் குசுகுசுவென்றே. பொறாமையோ, வந்த தும்மலை மூக்கைப் பொத்தி விழுங்குகிறது.

“இப்படி ஒரு கோபத்தை எங்கயும் பாத்ததில்லைப்பா!” என்று யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யாரெலிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. படம் முடிந்ததும் நேரே தோன்யா கூக்காவிடம் போனாள்.

“நான் அவ்வளவு மோசமாவா நடிச்சேன்? தினமும் படுத்துக் கிடந்தேனே, எல்லாத்தையும் வெட்டிட்டீங்களா?”

தோன்யா கூக்கா சுவரில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

“உன்னோடதை முதல் நாளே எடுத்து முடிச்சாச்சுடி. மத்த நாளெல்லாம் நீ தூங்கறதுக்குத்தான் வரச் சொன்னேன். உன்னை எழுப்பிடாம நடிக்கறதுக்குள்ள நாங்கதான் பட்டபாடு!”