பூஜ்யத்தைத் தொடாமல்

“யாருமே செய்யாத தப்பைத் திருத்துறதுக்கு ஒரு அத்தியாயமாம்மா?”

மாணிக்கவாசகம் ஆய்வேட்டை மேஜைமேல் போட்டார். எதிரே நின்ற சியாமளா தலையைக் குனிந்துகொண்டாள். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மதுரையிலிருந்து தில்லிக்கு வந்திருந்த அவர்தான் தேர்வாளர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய இத்தனை வருட உழைப்பும் அம்போதான்.

விஷயம் இதுதான். பூஜ்யக் கோட்டுக்கு மேலே இருக்கும் வளைவு கீழே இறங்க வேண்டுமானால் நடுவில் கோட்டைத் தொட்டாக வேண்டும். ஆனால், திடீர் திடீரென்று உதை வாங்கும் சமன்பாடுகளில் அது கோட்டைத் தொடாமலே தாண்டிக் குதித்துவிடும். இரண்டு சமன்பாடுகளின் ஊசலாட்டத்தை ஒப்பிடும்போது இதை மறந்தால் தேற்றமே கவிழ்ந்துவிடும் என்று நான்காம் அத்தியாயம் முழுக்க எச்சரித்திருந்தாள்.

“எம்.எஸ்ஸி. பையனுக்குக்கூட இது தெரியுமே. பக்கத்தை நிரப்பினியா?”

அவளுடைய வழிகாட்டி அனந்தகிருஷ்ணன் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. தன்னோடு கூடப் படித்தவர் இப்படி மாணவியோடு சேர்ந்து கூனிக் குறுகுவதைப் பார்க்க மாணிக்கவாசகத்துக்கே வெட்கமாக இருந்தது. கிட்வாய் நகரிலிருந்து சியாமளாவின் அப்பா வாங்கி வந்த சமோசா வேறு வெளியே ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

அத்தியாயத்தை எடுத்துவிட்டு அடுத்த வருஷம் வரட்டும் என்றார். அடுத்த வாரம் வேலைக்கு இன்டர்வியூ இருக்கிறது என்று அவள் மெல்லச் சொன்னாள்.

அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. “சரி. உலகத்துல இந்தத் தப்பைச் செஞ்ச ஒரே ஒரு ஆளைக் காட்டு. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

சியாமளா வழிகாட்டியைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “சொல்லிடும்மா” என்றார்.

“நீங்கதான் சார். நீங்களும் உங்க ஸ்டூடன்ட் அப்பாவு சாரும் சேர்ந்து எழுதின பேப்பர். பேரைப் போட வேண்டாம், உங்க மனசு நோகும்னு அனந்தகிருஷ்ணன் சார்தான் சொன்னார்.”

அந்த இரண்டு தலைகளும் இவ்வளவு நேரம் யாருக்காகக் குனிந்திருந்தன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

பேனாவைத் திறந்தார். ‘ஆமாம், அன்றைக்குத் தப்பாக எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிடக்கூட அவருக்கு வழியில்லை. மாணவன் எழுதியதில் முதல் பேராகத் தன் பேரைப் போட்டுக்கொண்டதோடு சரி, அந்தக் கட்டுரையை அவர் ஒரு நாளும் படித்ததில்லை.