லத்தீன் படித்த வாய்

பெங்களூர் மாப்பிள்ளையின் கடுதாசியைச் சேவியர்ராஜின் கையில் திணித்தார் உப்பள முதலாளி இருதயநாதன்.

“எம் பொண்ணு ஜோசப்பின நேர்ல பாத்துட்டுப் போனாரில்ல, எழுதியிருக்காரு. ஜோசப்பின் இப்பதான் தபால்காரன்கிட்ட வாங்கியாந்தா. என்னான்னு படிப்பா.”

மரக்காணத்தில் அந்தத் தெருவுக்கு வரும் இங்கிலீஷ் கடுதாசியெல்லாம் சேவியரிடம்தான் வரும். குருமடத்தில் நாலு வருஷம் லத்தீன் படித்துவிட்டு, சாமியாராகாமல் திரும்பி வந்து, இந்த அளத்தில் உப்பு மூட்டை எடை போடுகிறவன். ஒரு இங்கிலீஷ் வார்த்தை சிக்கினால் போதும், அதன் லத்தீன் பாட்டன் வரைக்கும் போய்த்தான் நிற்பான். மாதாகோயிலில் லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து ஏழெட்டு வருஷமாகியும் இவன் வாயை விட்டு லத்தீன் போகவில்லை.

கோயில் பாடகர் குழுவில் அவன் இந்த லத்தீன் கதையை ஆரம்பித்தாலே ஆளாளுக்கு நழுவிவிடுவார்கள். ஜோசப்பின் மட்டும் உட்கார்ந்து கேட்பாள். அதனாலேயே அவள்மேல் அவனுக்கு உயிர். ஆனால் முதலாளி மகளாயிற்றே, இதுவரை மூச்சு விட்டதில்லை.

கடுதாசியில் டைப் அடித்த ஒரே வரிதான். ஜோசப்பின் நைஸ் கேர்ள், சம்மதம்.

மாற்றிப் படித்துவிடலாமா என்று சேவியருக்குத் தோன்றியது. இருந்தாலும் பொய் சொல்ல மனசு வரவில்லை. நல்ல பெண் என்று புகழ்ந்திருக்கிறார் என்றான். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

“லத்தீன்ல அது நேஷியுஸ்ங்க. ஒண்ணும் தெரியாத மக்குன்னு அர்த்தம். அதுலேர்ந்துதான் நைஸ் வந்துச்சு.”

இருதயநாதன் விருட்டென்று எழுந்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின மகளையா மக்கு என்று எழுதினான்? அது அந்தக் காலத்து அர்த்தம், இப்போது பாராட்டுதான் என்று சேவியர் பின்னாலேயே ஓடினான். அவர் காதில் வாங்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள், சம்பந்தம் வேண்டாமென்று தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

சேவியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை நாக்கால் கெடுத்துவிட்டோமே என்று, மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினான்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஜோசப்பினை நிறுத்தி, நடந்ததையெல்லாம் ஒப்பித்தான். கடுதாசி எழுதியவருக்கு இந்தப் பதிலைச் சேர்க்க வேண்டும், விலாசம் கொடு என்றான்.

அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“எங்கிட்டயே குடுங்க. நைஸ்னு பாத்தா உங்க நாக்கு சும்மா இருக்காதுன்னுதான் அந்தக் கடுதாசிய நானே எழுதுனேன்.”