பெயரோடு சேரும் சொல்

பக்கவாதத்துக்குப் பிறகு சூசையின் நாவில் பெயர்ச்சொற்கள் மட்டுமே மிஞ்சின. மீதியைக் கழுத்தில் தொங்கிய பதக்கம் பார்த்துக்கொண்டது. அவர் ஒரு சொல் சொன்னால், வழக்கமாக அதனுடன் சேர்ந்து வரும் சொற்களைத் தேடி எடுத்து, அவருடைய பழைய குரலிலேயே வாக்கியத்தை முடிக்கும்.

"கடல்" என்றார்.

"நீலக் கடல் பொங்குது" என்றது பதக்கம்.

ஜன்னலுக்கு வெளியே கடல் பாலாடை படிந்ததுபோல் வெளிறி, அசையாமல் கிடந்தது. அந்தி வெளிச்சம் சுவரில் மிதந்துகொண்டிருந்தது.

"இது ஊர்ல எல்லாரும் பேசுற பேச்சும்மா" என்று தாயிடம் சொன்னாள் மகள் மெர்சியா. "நாப்பது வருசமா இந்த வீடு கேட்டுப் பதிஞ்சு வச்ச அப்பா பேச்சுல மட்டும் தேடச் சொல்லுதேன்." பதக்கத்தை லேசாகத் தொட்டாள்.

"மீன்" என்றார் சூசை.

"மீன்ல உப்பு பத்தல."

தாயும் மகளும் சிரித்துவிட்டார்கள். அப்போது அவர் மனைவியைப் பார்த்து, "பெபியானா" என்றார்.

அவள் சிரிப்பு நின்றது. முகத்துக்கு நேரே அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எப்போதும் "ஏளா"தான். அந்தப் பெயரோடு எதைச் சேர்த்திருக்கப் போகிறார்?

பதக்கம் நெடுநேரம் தேடவில்லை.

"பெபியானா இன்னும் வரலியே."

"நீ ஐஸ் கம்பெனி வேலைக்குப் போன நாளெல்லாம் அப்பா வாசல்ல நின்னு இதத்தான் சொல்லுவாவ" என்றாள் மெர்சியா.

பெபியானா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்தா, வந்துட்டம்லா."